முதலில் வந்த கால்

அக்டோபர் 6, திங்கள்

மறுபடியும் பிரண்டுவிட்டது. அதே வலது கணுக்கால்.

கடைவாசலில் இருப்பது ஒரே ஒரு படி. கோழிக்குஞ்சுகூட ஏறி இறங்குகிற படி. லாரிக்காரர் ஒருவருக்குத் தார்ப்பாய் அளந்து கொடுத்துவிட்டு இறங்கினேன், பாதம் உள்பக்கமாக மடங்கியது, நடுரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். தூத்துக்குடி பஸ் வேறு அப்போதுதான் வந்து நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் தலை.

மாதவன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். தூக்கிவிடுவார் என்று கையை நீட்டினால், "அம்பாள் பாதத்துக்கு மறுபடி கோவமா?" என்கிறார். கட்டின புருஷன். வெளி ஆளாக இருந்தால் மண்வெட்டிக் காம்பு கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

வலியைவிடப் பெரிய கவலை வேறு. தை வர இன்னும் எத்தனை நாள்? இந்த வருஷமாவது திருச்செந்தூருக்கு நடந்து சேருவேனா?

அக்டோபர் 7

கால் வீங்கி, பன் மாதிரி இருக்கிறது. இந்த நேரம் பார்த்துச் சோலைச்சாமி வந்தார். தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றிப் போகிறவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கோணலாக நடந்து வந்து, சொல்லாமல் கொள்ளாமல் சாக்குக் கட்டின் மேல் குப்புறப் படுத்துவிட்டார்.

"யக்கா, மிதிங்க. மதுரை வரைக்கும் வண்டி ஓட்டணும்."

நான் காலால் பிறந்தவள். தலைக்குப் பதில் கால் முதலில் வந்தது. அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கல்யாணமாகிப் பந்தல்குடிக்கு வந்த வாரமே மாமியார் ஊருக்குச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மிதிக்கிறேன். காசு வாங்கக் கூடாது, வாங்கினால் பலிக்காது. வாழைப்பழம், வெற்றிலை, வெள்ளரிக்காய் என்று எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். கடைக்கு மாமனார் பெயரில் பெரிய போர்டு இருக்கிறது. ஆனால் லாரிக்காரர்கள் கயிறு வாங்க 'மிதிக்கிற அக்கா கடை' என்றுதான் கேட்டு வருகிறார்கள். சொன்னால் என்ன, எனக்கு அதில் பெருமைதான்.

வீங்கின காலாலேயே மிதித்தேன். அவர் எழுந்து, இடுப்பை இப்படியும் அப்படியும் ஒடித்துப் பார்த்து, சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார். நான் நொண்டிக்கொண்டே கல்லாவுக்குப் போனேன். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற காலுக்கு வைத்தியம் பார்க்க ஆளில்லை.

அக்டோபர் 8

எம்.ரெட்டியபட்டிக்குப் போய் ராமசுப்பு வைத்தியரிடம் கட்டுப் போட்டாயிற்று. முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, துணி, மூங்கில் சிம்பு. போன இரண்டு தடவையும் இவர்தான். அவர் கை பட்டால் பாதி வலி அங்கேயே இறங்குகிறது, பொய் சொல்லக் கூடாது.

"கத்திரிக்கா, புளி சேக்காத தாயி. கட்டு அவுக்கிற வரைக்கும் யாரையும் மிதிக்காத."

"சரிங்க."

"போன தடவையும் இதே சரிங்கதான் சொன்ன."

அக்டோபர் 20, தீபாவளி

வீடு முழுக்க அதிரசம் மணக்கிறது. என்னைச் சுற்றி மட்டும் முட்டை.

நவம்பர் 4

கட்டுப் பிரித்தாயிற்று. கால் லேசாக இருக்கிறது. வீக்கம் இல்லை. தெருவில் பொடிநடையாகப் போய்வந்தேன். மழை பெய்த கரிசல் செருப்பில் அப்பி அப்பி, திரும்பி வரும்போது நான் நாலு விரல் உயரம் கூடியிருந்தேன். அதற்கும் சந்தோஷம்தான்.

பக்கத்து வீட்டு ஈஸ்வரி வந்தாள். தைப்பூசத்துக்கு நடக்கிற பெண்களை அவள்தான் சேர்க்கிறாள்.

"ஒன்னயும் சேத்துக்கிறவா? இல்ல, பாலம் வரைக்குமா?"

குசும்பு. ஆனால் கேட்கிற உரிமை அவளுக்கு உண்டு. போன இரண்டு வருஷமும் மேலக்கரந்தை பக்கத்துப் பாலத்தில்தான் எனக்குக் கால் பிரண்டது. தார் ரோட்டின் ஓரம், சரளைக்கல். இரண்டு தடவையும் பின்னால் சாமான் ஏற்றி வந்த எங்கள் குட்டியானை வண்டியில் என்னையும் சாமானோடு சாமானாக ஏற்றி, மாதவன் வீட்டுக்குக் கொண்டு வந்தார். மற்றவர்கள் பாடிக்கொண்டே போனார்கள். அந்தப் பாட்டு தேய்ந்து தேய்ந்து காதை விட்டுப் போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

வேண்டுதல் என்று எனக்கு ஒன்றும் கிடையாது. வருஷா வருஷம் பச்சை உடுத்திக்கொண்டு கடை முன்னால் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். எலுமிச்சை ஜூஸ் கரைத்துக் கொடுத்துக்கொண்டே பார்ப்பேன். பார்க்கப் பார்க்க ஆசை. வேறு காரணம் எதற்கு? நானும் போய் அந்தக் கடலில் முங்கி எழ வேண்டும். நடந்து போய்.

"சேத்துக்கோ," என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

போச்சு.

ஒரே ஒரு ஆளைத்தான் மிதித்தேன். சத்தியமா ஒரே ஒரு ஆள். பருத்தி மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்ட இடுப்பு, பாவம், எப்படி மாட்டேன்னு சொல்றது? அவர் முதுகில் இருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தேன், மடக்கென்று போய்விட்டது. அந்த மனுஷன் நேராக எழுந்து நிற்கிறார், நான் சாக்கு மேலே விழுந்து கிடக்கிறேன்.

மாதவன் இந்தத் தடவை கேலி பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்கழிச்சு அருப்புக்கோட்டை போறோம். எலும்பு டாக்டர். பேச்சுக் கெடையாது," என்றார்.

கத்தி வைப்பாகளோ?

நவம்பர் 11

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு நன்றாக இருக்கிறதாம். எலும்போடு எலும்பைப் பிடித்துக் கட்டுகிற நார்தான் தளர்ந்துவிட்டதாம்.

"ஒவ்வொரு தடவையும் வலி போனதும் குணமாயிட்டதா நினைச்சுட்டீங்க. காலுக்குப் பலம் வரவே இல்ல. முதல்ல பயிற்சி செய்யுங்க. ஒழுங்கா செஞ்சும் பிரண்டா, ஆபரேஷன் பண்ணி நாரை இழுத்துத் தைக்க வேண்டி வரும்."

தைக்க வேண்டும். சாக்கு தைக்கிற மாதிரி சொல்கிறார்.

மாதவன் மற்றதையெல்லாம் டாக்டரிடம் சொன்னார், மிதிக்கிற விஷயத்தைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் காபி குடிக்கும்போதுதான் இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

நவம்பர் 12

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஈஸ்வரி: "கத்தி பட்ட காலுக்குப் பலிக்காது. வைத்தியர்ட்டயே போ." எதிர்க்கடைக்காரர்: பச்சிலை எண்ணெய். என் நாத்தனார் போனில்: ஆபரேஷனை இப்போதே முடித்துவிடு.

என் மனசுக்கு என்ன தோன்றுகிறது? வைத்தியர் கட்டினால் வலி போகிறது, கால் திரும்பவும் பிரள்கிறது. மூன்று தடவை பார்த்தாயிற்று. டாக்டர் சொல்வது புத்திக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் இது வெறும் காலா? என்னோடு முதலில் இந்தப் பூமிக்கு வந்த கால். இதில் ஊசி நூல் ஏற்றி, அப்புறம் மிதித்தால் ஒருத்தருக்கும் சரியாகாமல் போனால், நான் யார்? கயிறு விற்கிறவள். அவ்வளவுதானே.

பயிற்சிக்கு மட்டும் போய்ப் பார்க்கிறேன். கத்தி வேண்டாம். கட்டும் வேண்டாம், இப்போதைக்கு.

நவம்பர் 14

பயிற்சி சொல்லித் தருகிற பெண் பெயர் ஜெப ஷீலா. டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே ஒரு சின்ன அறை. மகள் வயசுதான் இருக்கும், அதட்டல் மட்டும் ஹெட்மாஸ்டர் அளவுக்கு. ஒற்றைக் காலில் நில்லுங்கள் என்றாள். இடது காலில் கொக்கு மாதிரி நின்றேன். வலது காலில் நின்றால் ஆடி மாசக் காற்றில் நட்ட கம்பு. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இவளிடம் ஏனோ மறைக்கத் தோன்றவில்லை. மிதிக்கிறதைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் திட்டினாள்.

"அக்கா, ஆள் முதுகுங்கறது மேடு பள்ளம். அதுமேல இந்தக் கால வச்சு அழுத்துனா பிரளாம என்ன செய்யும்? படுத்திருக்கறவரு முதுகெலும்பு என்னாகும்? முதல்ல அத நிறுத்துங்க."

"இது காலால பொறந்த கால்ம்மா. இதுக்கு ஒரு ராசி இருக்கு."

"சரி, ரெண்டு கால் இருக்கே. எந்தக் கால் முதல்ல வந்துச்சு?"

"வலது."

"யாரு சொன்னா?"

பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரைக்கும் அதையே யோசித்தேன்.

யார் சொன்னார்கள்?

நவம்பர் 15

இன்றைக்கு நடந்ததை எழுத உட்கார்ந்தாலே சிரிப்பு வருகிறது, எழுத்து கோணுகிறது.

அம்மா இருந்தால் அம்மாவைக் கேட்டிருப்பேன். நான் பிறக்கும்போது அறைக்குள் இருந்தவர்களில் இப்போது இருப்பது பெரியம்மா முத்துமாரியம்மாள் மட்டும்தான். திருச்சுழியில் மகன் வீட்டில் இருக்கிறார். போன் போட்டேன்.

"பெரியம்மா, நான் பொறக்கையில எந்தக் கால் மொதல்ல வந்துச்சு?"

"இப்ப என்னத்துக்கு அது?"

"சொல்லுங்களேன்."

"எடது காலு. வலது காலு உள்ள மடங்கிக் கெடந்துச்சு. நான்தான வெளக்கப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஏன்த்தா?"

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"எம் மகன் பொறந்த தேதி மறந்துபோச்சு. அது மறக்குமா? எடது காலு, வெரலெல்லாம் நீலம் பாரிச்சு. நான் பயத்துல அழுதுட்டேன். நீ எந்தக் காலால மிதிக்கிற?"

"வலது."

"எப்ப இருந்து?"

"கல்யாணம் ஆனதுல இருந்து."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, பெரியம்மா சிரிக்கிறார். மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறார். நானும் ஆரம்பித்தேன். கயிறு வாங்க வந்தவர் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்துவிட்டுப் போனார்.

எப்படி நடந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். புதுப்பெண்ணாக வந்தபோது வலது காலை எடுத்து வைத்து வாம்மா என்றார்கள். வந்தேன். நல்ல காரியம் எதற்கும் வலதுதானே. முதல் ஆள் வந்து குப்புறப் படுத்தபோது மாமியார், "ம், மிதி," என்றார். தானாக வலது கால்தான் போனது. இடது காலை ஒரு மனுஷன் மேல் வைக்க யாருக்குத் தோன்றும்? பிறந்தது எந்தக் கால் என்று மாமியார் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை, படுத்தவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. ஊரே சேர்ந்து தப்பான காலில் குணமாகிக்கொண்டிருந்திருக்கிறது.

நவம்பர் 16

மாதவனிடம் சொன்னேன். குட்டியானையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே போட்டார். "அப்ப எனக்கு மிதிச்சது?" என்றார். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அவருக்கும் மிதித்திருக்கிறேன். "எனக்குச் சரியாச்சே கனகம். நெசமாவே சரியாச்சே." ராத்திரி படுக்கிறவரை ஒருவருக்கொருவர் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சிரிப்புக்கு நடுவில் ஒன்று தெளிவாகிவிட்டது. இந்த வலது கால் சாதாரணக் கால். எல்லோருக்கும் இருக்கிற மாதிரி ஒரு கால். இதற்குப் பயிற்சி கொடுக்கலாம், தேவைப்பட்டால் தைக்கலாம், ஒரு ராசியும் ஓடிப்போகாது. எத்தனை நாள் பாரம் இறங்கியது மாதிரி இருக்கிறது!

பயிற்சியை முழுசாகச் செய்யப் போகிறேன். அதற்கு அப்புறமும் பிரண்டால் ஆபரேஷன். முடிவு பண்ணியாயிற்று.

நவம்பர் 27

பல் தேய்க்கும்போது வலது காலில் நிற்க வேண்டும். இட்லி வேகும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். மடித்த சாக்கின் மேல் நின்று பந்து பிடிக்க வேண்டும். பந்து போடுகிறவர் மாதவன். வேண்டுமென்றே எட்டாத இடத்துக்குப் போடுகிறார்.

டிசம்பர் 5

சோலைச்சாமி வந்தார். படுக்கப் போனவரை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

"அப்ப எனக்குப் போன வலியெல்லாம் எப்பிடிப் போச்சு?"

"அதான் எனக்கும் தெரியல."

"சரி விடுங்க. எடது காலால மிதிங்க. தப்பான காலுக்கே அம்புட்டுக் கேட்டுச்சுன்னா..."

மாட்டேன் என்றேன். இரண்டு காலாலும் மாட்டேன். ஜெப ஷீலா சொல்லித் தந்ததில் இடுப்புக்கு என்று இரண்டு இருந்தது, அதைக் காட்டினேன். சாக்குக் கட்டு மேலே மல்லாந்து படுத்து, முழங்காலை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, தொந்தி இடிக்க இடிக்கச் செய்தார். எழுந்து நின்று பார்த்தார். "பாதி போயிருக்குக்கா," என்றார். வெள்ளரிக்காயை வைத்துவிட்டுப் போனார், வழக்கம்போல.

டிசம்பர் 6

ஜெப ஷீலாவிடம் சோலைச்சாமி கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இடது காலால மிதிச்சா வலது கால்ல தானே அக்கா நிப்பீங்க? நான் சொல்லித் தர்ற பயிற்சியே அதுதான்," என்றாள்.

"அப்ப மிதிக்கலாமா?"

"கூடாது. தலகாணிய மிதிங்க."

மிதிக்கிறேன். மாதவன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து "யக்கா, நல்லா அழுத்துங்க" என்று தலகாணிக்காகக் குரல் கொடுக்கிறார்.

டிசம்பர் 19

ராமசுப்பு வைத்தியர் கடைக்கு வந்தார், கிணற்றுக் கயிறு வாங்க. எனக்குத் திக்கென்றது. ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொல்லவில்லையே. அவர் என் காலைத்தான் பார்த்தார். நான் போட்டிருந்த எலாஸ்டிக் பட்டையை இழுத்தார், விட்டார், திரும்ப இழுத்தார்.

"அருப்புக்கோட்டையா?"

"ஆமாங்க. கோவிச்சுக்கிறாதீக."

"ஒடிஞ்சா நான் கட்டுவேன். பெரண்டுக்கிட்டே இருந்தா எங்கிட்டயும் திரும்பத் திரும்பக் கட்டுதான் இருக்கு. வாரவள வராதன்னு எப்பிடிச் சொல்ல?" என்றார். குரலில் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. கயிற்றை மெதுவாகச் சுருட்டினார். போகும்போது திரும்பி நின்று, "இதுல முழங்காலுக்கு இருக்கா? வீட்ல இவளுக்கு ஒண்ணு வேணும்," என்றார்.

ஜனவரி 3

போன மாதம் முழுக்கப் பிரளவில்லை. படியில் இறங்கும்போது பயமில்லை. டாக்டர் காலைத் திருகிப் பார்த்துவிட்டு, "தைக்க வேண்டாம் போலிருக்கே," என்றார். திருச்செந்தூருக்கு நடக்கலாமா என்று கேட்டேன். பட்டை போட்டுக்கொண்டு, நின்று நின்று போகச் சொன்னார். ரோட்டோரச் சரளை வேண்டாம், தார் மேலேயே நடங்கள் என்றார்.

ஜெப ஷீலா மட்டும், "முருகன்கிட்ட என் பேரையும் சொல்லுங்க. ஆனா பயிற்சிய விடாதீங்க," என்றாள்.

ஜனவரி 11

மாலை போட்டாயிற்று. பச்சைச் சேலை எடுத்தாயிற்று. தினமும் ரோட்டில் காலை நடை, போகப் போகத் தூரம் கூட்டி. ஈஸ்வரிக்கு மூச்சு வாங்குகிறது, எனக்கு வாங்கவில்லை.

ஜனவரி 27

நாளைக்குக் காலையில் கிளம்புகிறோம். மாதவன் குட்டியானையில் பாயெல்லாம் ஏற்றிவிட்டு, முன்சீட்டில் ஒரு தலகாணி வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா கெடக்கட்டும்," என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குத் தெரியும் எதற்கென்று. அந்தப் பாலம் அவர் மனசிலும் இருக்கிறது. முருகா, அதை மட்டும் தாண்டிவிட்டால் போதும்.

ஜனவரி 29, வியாழன்

எட்டயபுரத்தில் அன்னதானப் பந்தல். ஈஸ்வரி மேல் இருக்கிற கோபம் இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் நடக்கும்போது பேச்சுவாக்கில், என் கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது என்றாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இப்போது சொல்கிறாள். தீரவில்லை என்றேன். இலையில் பாயசமே விழாமல் எழுந்து போனேன் என்றாள். நீ முதல் பந்தியிலேயே ரெண்டு தடவை வாங்கினாய் என்றேன். அவளுக்கு வந்ததே கோபம். முன்னால் போன பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சண்டை. பேசிப் பேசி நடையும் வேகமாகிவிட்டது. பந்தல் வந்ததும் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்தோம்.

சாப்பாட்டு இலையை எடுத்து முடிக்கும்போதுதான் மாதவன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"என்னங்க, மேலக்கரந்தை பாலம் இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாலத்துலதான் வண்டிய நிறுத்திக் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னேன். நீ என்னயக்கூடப் பாக்கல. பாயசம் பாயசம்னு கத்திக்கிட்டே போய்ட்ட."

ஈஸ்வரி அந்த மூலையிலிருந்து சிரிக்க ஆரம்பித்தாள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்று சொன்னார். எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அத்தனை பேர் முன்னால். வெட்கமாகத்தான் இருந்தது, விடவில்லை.

முன்சீட்டில் இப்போது ஈஸ்வரியின் பை உட்கார்ந்திருக்கிறது. அடுத்த ஊர் கீழ ஈரால் வரைக்கும் வெயில் தாழ்ந்து நடக்கலாம் என்கிறார்கள். நான் இப்போதே கிளம்பலாம் என்கிறேன்.